மதியம் இரண்டு ஐம்பத்தொன்று

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. பதினாறு வருஷமாக நான் எழுதியதெல்லாம் நோயாளிகளின் காய்ச்சல், சிறுநீர், மருந்து கொடுத்த நேரம், இவ்வளவுதான். இங்கே சொல்லப்போகும் நேரங்களும் அப்படி நோட்டில் எழுதியவைதான். அந்த நோட்டு இன்னும் அந்த வீட்டில் இருக்கும். நீல அட்டை போட்டது.

நான் வீட்டுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். ஏஜென்சி அனுப்பும் வீட்டுக்குப் போவேன். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஏழு வரை.

என் வீட்டுக்காரர் இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. அழக்கூடாது என்று பிடிவாதமெல்லாம் இல்லை, வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னம் மரத்துப்போய் நம்முடையது மாதிரியே இருக்காதே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சோறு உப்பாக இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. வெயிலா மழையா என்று கேட்டால் குடையைப் பார்த்துத்தான் சொல்வேன். பத்தாவது நாளே வேலைக்குத் திரும்பிவிட்டேன். "கல்நெஞ்சுக்காரி"ன்னு சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

அந்த மாதிரி நேரத்தில்தான் ஏஜென்சியிலிருந்து ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் சாப்பாடு. கண் மட்டும் வேலை செய்தது. அது நன்றாகவே வேலை செய்தது. ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம். இரண்டு தடவை சிமிட்டினால் இல்லை. மனைவி போய்ப் பல வருஷம். ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் நான் வந்ததும் போவார், நாலரைக்குத் திரும்பி வருவார். நடுவில் வீட்டில் நானும் பெரியவரும்தான்.

"அப்பாவுக்கு எல்லாம் டைமுக்கு நடக்கணும் சிஸ்டர்" என்று முதல் நாளே சொன்னார் டீச்சர். "அஞ்சு நிமிஷம் லேட்டானா கண்ணாலேயே மெமோ கொடுப்பார்."

உண்மைதான். பன்னிரண்டு மணி கஞ்சியோடு பன்னிரண்டு ஐந்துக்குப் போய் நின்றால் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பார். நானும் "சாரி ஐயா, வழியில டிராஃபிக்" என்பேன். சமையலறையிலிருந்து கட்டிலுக்கு இருபது அடி. அவர் கண்ணில் ஒரு சிரிப்பு வரும். இப்படியே மூன்று வாரம் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கோ தேடி ஒரு டிஸ்க் வாங்கி வந்திருந்தார். பழைய கறுப்பு வெள்ளை சஸ்பென்ஸ் படம். இவர்கள் வீட்டில் முதன்முதலாக வீடியோ பிளேயர் வாங்கியபோது கூடவே வாங்கிய கேசட் அந்தப் படம்தானாம். தேய்ந்து அறுந்துபோகும் வரை பார்த்திருக்கிறார்கள்.

"டெய்லி மத்தியானம் போட்டு விடுங்க சிஸ்டர். அவருக்கு அலுக்காது" என்றார்.

எனக்கும் அந்தப் படம் தெரியும். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் ஒரு தியேட்டரில் மறுபடி போட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் கூட்டிப்போனார். முந்தின நாள் எனக்கு நைட் டியூட்டி. இடைவேளைக்கு முன்னாலேயே அவர் தோளில் தூங்கிவிட்டேன். பயங்கரமான இடத்தில் எல்லாரும் கத்தியபோது முழித்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டேனாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதனால் படத்தில் எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு பெரிய வீடு, ஒரு மாடிப்படி, புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு பெண். கணவன் ஊரில் இல்லாத நேரம் அவனுடைய நண்பன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து தங்குகிறான். அவன் யார் என்பதுதான் கதை.

திங்கட்கிழமை.

மதியம் சரியாக இரண்டு மணிக்குப் படத்தைப் போட்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். இருந்தாலும் வெளியே நல்ல வெயில், அறையில் மங்கலாக வெளிச்சம் இருந்தது. கட்டிலை அறையின் நடுவில் போட்டிருந்தார்கள், நாங்கள் நாலு பக்கமும் சுற்றி வர வசதியாக. எதிர்ச் சுவரில் டி.வி. பெரியவரின் தலைக்கு வலதுபக்கம் என் நாற்காலி. எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் கதவு. படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருந்தது. அதன் மோட்டார் எப்போதும் ர்ர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருக்கும்.

படம் நன்றாகத்தான் போனது. பெரியவர் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண் மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு படியாக. மேலே ஒரு கதவு பாதி திறந்திருந்தது...

திரை இருட்டானது.

சத்தமும் நின்றது. படத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். சஸ்பென்ஸ் படமாயிற்றே. டி.வி. கறுப்பாக ஆனதும் எங்கள் அறை அதில் தெரிந்தது. கட்டில். கட்டிலில் பெரியவர். பக்கத்தில் நான். பின்னால் கதவு.

கதவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

டீச்சர் சீக்கிரம் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று திரும்பினேன். யாரும் இல்லை. கதவு மூடியிருந்தது. மறுபடி டி.வி.யைப் பார்ப்பதற்குள் படம் வந்துவிட்டது. அந்தப் பெண் மாடியில் நின்றாள். இருட்டு மொத்தம் நாற்பது செகண்ட் இருந்திருக்கும்.

எனக்குப் பயம் வரவில்லை. ஜன்னல் திரையின் நிழலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் அப்போது இருந்த நிலையில் கூரை இடிந்து விழுந்தாலும் பெருக்கி அள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

பெரியவர்தான் வேகமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தார். இரண்டு. இரண்டு. இரண்டு.

"படம் வேண்டாமா ஐயா? நிறுத்தட்டுமா?"

இரண்டு.

"அப்ப ஓடட்டுமா?"

ஒன்று.

நோட்டில் எழுதினேன். '2.51. கண் அடிக்கடி சிமிட்டல். களைப்பாக இருக்கலாம்.'

செவ்வாய்க்கிழமை.

அன்றைக்கு அவருக்கு வயிறு சரியில்லை. இரண்டு தடவை துடைத்து, துணி மாற்றி, பவுடர் போட்டு, புரட்டிப் படுக்கவைத்து எல்லாம் முடியும்போது இரண்டே கால் ஆகிவிட்டது. இரண்டு பதினாறுக்குத்தான் படத்தைப் போட்டேன். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பஸ் பிரேக்டவுன் ஐயா. என்ன பண்ணச் சொல்றீங்க?"

அவர் கண்ணில் அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

படத்தில் அந்தப் பெண் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் கையில் விழுந்தது. வந்திருந்தவன் வாசற்படியில் உட்கார்ந்து ஏதோ கேட்டான். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்...

இருட்டு.

நேற்று மாடிப்படியில் அல்லவா இருட்டானது? இரண்டு இடத்தில் வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன். தியேட்டரில் தூங்கினவள்தானே நான், எனக்கென்ன தெரியும்.

கறுப்புத் திரையில் அறை தெரிந்தது. கட்டில். பெரியவர். நான். கதவு.

கதவில் யாரும் இல்லை.

கட்டிலின் அந்தப் பக்கம், பெரியவரின் இடது தோளுக்கு அருகில் நின்றிருந்தது. முகம் தெரியவில்லை. தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குனிந்து எதையோ கேட்பதுபோல.

நான் திரும்பவில்லை. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று பேர். மறுபடி எண்ணினேன். மூன்று பேர்.

காற்று மெத்தையின் மோட்டார் ர்ர்ர்ர்... என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் இன்னொரு சத்தம். டப். கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டும் சத்தம். எனக்குப் பழகிய சத்தம்.

படம் திரும்பி வந்தது. நான் மெதுவாக இடதுபக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆனால் நான் இறக்கி வைத்திருந்த இடதுபக்கக் கம்பி மேலே மாட்டியிருந்தது.

நான்தான் மாட்டியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். எழுந்து போய் அதை இறக்கினேன். கம்பி சில்லென்று இருந்தது.

படம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படி வந்தது. அந்தப் பெண் ஏறினாள். ஒவ்வொரு படியாக. மேலே பாதி திறந்த கதவு. உள்ளே போனாள்.

இருட்டாகவில்லை.

நோட்டில் எழுதினேன். '2.51. கண் சிமிட்டல், நேற்று போலவே.'

நாலரைக்கு டீச்சர் வந்தார்.

"படம் பாத்தாரா?"

"பாத்தாரு."

"பிடிச்சுதா?"

பெரியவர் ஒரு தடவையும் சிமிட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தூக்கம் வருகிறது என்று நினைத்து டீச்சர் போர்வையை இழுத்துவிட்டார். நடந்ததை டீச்சரிடம் என்ன என்று சொல்வது?

புதன்கிழமை.

காலையிலிருந்து எல்லாம் சரியாக நடந்தது. பன்னிரண்டு மணிக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு நோட்டைத் திறந்தேன். எழுதுவதற்கு முன்னால் கண் மேலே போனது. திங்கட்கிழமை 2.51. அதற்குக் கீழே செவ்வாய்க்கிழமை 2.51.

திங்களன்று இரண்டு மணிக்குப் போட்ட படம். செவ்வாயன்று இரண்டு பதினாறுக்குப் போட்ட படம். இருட்டு மட்டும் எப்படி ஒரே நேரத்துக்கு வரும்?

அதற்கு அப்புறம்தான் அந்த எண் எனக்கு உறைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூட.

என் வீட்டுக்காரர் இறந்த அன்று நான் வேறொரு வீட்டில் டியூட்டியில் இருந்தேன். அங்கே ஒரு பாட்டியம்மா. வலியில் இரண்டு நாள் தூங்காமல் இருந்து அன்றைக்கு மதியம்தான் கண் அசந்தார். அவர் முழித்துவிடக் கூடாது என்று என் போனைச் சத்தமில்லாமல் வைத்து, பைக்குள் போட்டுவிட்டேன். நாலு பத்துக்கு எடுத்துப் பார்த்தபோது என் வீட்டுக்காரருடைய எண்ணிலிருந்து நாலு தடவை அழைப்பு வந்திருந்தது.

2.51. 2.54. 2.58. 3.02.

திருப்பி அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர் ஏ.சி. மெக்கானிக். அன்றைக்கு லீவு போட்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். ஏழே முக்காலுக்கு வீட்டுக்குப் போனேன். உள்பக்கம் தாழ்ப்பாள். தட்டினேன், கத்தினேன். என் கொழுந்தனும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து கதவை உடைத்தார்கள். கட்டிலில் படுத்தபடியே இருந்தார். மாரடைப்பு என்றார்கள்.

நெஞ்சு வலித்தபோது என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் நர்ஸ். எடுத்திருந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்லியிருப்பேன். ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பேன். யாரோ ஒரு பாட்டியம்மாவின் தூக்கத்துக்காகப் போனின் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

அதற்கு அப்புறம்தான் எனக்கு எல்லாம் மரத்துப்போனது. அந்த நாலு வரியை நான் போனிலிருந்து அழிக்கவும் இல்லை, யாருக்கும் காட்டவும் இல்லை.

நோட்டை மூடினேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது. பயம் இல்லை. சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்... ஆசை.

இரண்டு மணி ஆனது. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. இன்னிக்கு லேட்டாத்தான் போடுவேன்."

அவர் என்னையே பார்த்தார்.

சரியாக இரண்டரைக்குப் போட்டேன். வேண்டுமென்றேதான். திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். மாடிப்படி வர இன்னும் ரொம்ப நேரம் இருக்கிறது. சமையலறைகூட வராது. 2.51க்குப் படம் தொடங்கி இருபத்தொரு நிமிஷம்தான் ஆகியிருக்கும்.

2.40. அந்தப் பெண் கணவனை வழியனுப்பினாள்.

2.47. மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனாள்.

2.50. உச்சி வெயில். வெள்ளைப் புடவை காற்றில் பறந்தது. அதற்குப் பின்னால் தெருவில் ஒருவன் நடந்து வருகிறான்...

இருட்டு.

நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

டி.வி.யைப் பார்த்தேன். கட்டில். பெரியவர். நான்.

கட்டிலின் அந்தப் பக்கம் யாரும் இல்லை. கதவிலும் யாரும் இல்லை.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தது.

தலை சாய்ந்திருந்தது. என் தலைக்கு நேர் மேலே.

"நீங்களா?" என்றேன்.

மோட்டார் மட்டும். ர்ர்ர்ர்...

பெரியவரைப் பார்த்தேன். அவர் டி.வி.யைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்கு மேலே பார்த்தார்.

"ஐயா... எனக்குப் பின்னால யாராவது நிக்கிறாங்களா?"

ஒன்று.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

இரண்டு.

"எனக்குத் தெரிஞ்சவங்களா?"

அவர் கண் மெதுவாக மேலேயும் கீழேயும் போனது. கேட்டுச் சொல்வதுபோல.

ஒன்று.

திரும்பினால் போய்விடுவாரோ என்று திரும்பவில்லை.

"என் வீட்டுக்காரரா ஐயா? எங்க வீட்டுக்காரர்தானே?"

இரண்டு.

"நல்லாப் பாருங்க. உயரமா... மீசை வச்சிருப்பாரு..."

இரண்டு.

"ஐயா..."

இரண்டு. இரண்டு. இரண்டு. அவர் கண் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

அப்போதுதான் வந்தது. பயம். பாதத்திலிருந்து ஏறியது. மரத்துப்போன கன்னத்தில் உணர்ச்சி திரும்பும்போது சுருக்கென்று குத்துமே, அப்படி உடம்பு முழுக்கக் குத்தியது.

படம் திரும்ப வந்தது. வெயில். வெள்ளைப் புடவை.

"போயாச்சா ஐயா?"

இரண்டு.

அவர் பார்வை இப்போது எனக்கு மேலே இல்லை. இறங்கியிருந்தது.

என் காதுக்குப் பக்கத்தில்.

மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. சூடோ குளிரோ இல்லை. ஆனால் என் தோளில் விழுந்திருந்த முடி ஒன்று மெதுவாக விலகியது...

ஓடியிருக்கலாம். கதவு நாலு அடியில் இருந்தது. ஆனால் கட்டிலில் ஒருவர் அசைய முடியாமல் படுத்திருக்கிறார். மூன்று மணிக்கு அவரை இடதுபக்கம் திருப்பிப் போட வேண்டும்.

மூன்று மணி ஆனது. எழுந்தேன். பின்னால் பார்க்காமல் குனிந்தேன். அவர் தோளுக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. திருப்பினேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். என் கையோடு சேர்ந்து வேறு எதுவோ அவரைத் தாங்கியது. அவர் அன்றைக்கு எடையே இல்லாமல் இருந்தார்.

"கண்ணை மூடிக்கங்க ஐயா."

மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. டி.வி.யில் ஒரு பாட்டு தொடங்கியது. கண்ணைத் திறந்தேன். பெரியவரும் திறந்து அறை முழுக்கப் பார்த்தார். மூலை மூலையாக. கடைசியில் என்னைப் பார்த்தார்.

நான் கேட்பதற்கு முன்பே ஒரு தடவை சிமிட்டினார்.

கடிகாரத்தில் 3.02.

நோட்டில் எழுதவில்லை. டி.வி.யை அணைத்தேன். அணைத்ததும் அது கறுப்பாகும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவசரமாகப் போர்வை ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டேன். நாலரை வரைக்கும் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாருக்கு யார் காவல் என்று தெரியவில்லை.

டீச்சர் வந்து டி.வி.மேல் போர்வையைப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர் இது?"

"ஐயாவுக்குக் கண் கூசுதுன்னு போட்டேன்." அப்புறம் கேட்டேன். "டீச்சர், அந்தப் படத்துல லைட் அணையற சீன் எத்தனை தடவை வரும்?"

"லைட் அணையறதா?"

"திரை முழுக்க இருட்டாகுமே... சத்தம்கூட இல்லாம..."

டீச்சர் சிரித்தார். "அந்தப் படத்துல ராத்திரியே கிடையாது சிஸ்டர். முதல்லேர்ந்து கடைசி வரை பட்டப்பகல்ல நடக்கும். அதுக்குத்தான் அந்தப் படத்துக்கு அவ்வளவு பேரு. இருட்டே இல்லாம பயமுறுத்தின படம்னு அப்பா சொல்லிச் சொல்லி மாய்வார்." பெரியவரிடம் குனிந்தார். "என்னப்பா, சரிதானே?"

பெரியவர் என்னைப் பார்த்தார். ஒரு தடவை சிமிட்டினார்.

"டிஸ்க் கீறியிருக்கோ என்னமோ" என்று டீச்சர் அன்றைக்கு இரவே போட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை சொன்னார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லையாம், இருட்டாகவும் இல்லையாம்.

நான் அந்த வாரம் முழுக்கப் போனேன். பாதியில் விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை. படம் போடவில்லை. மதியம் இரண்டரை ஆனால் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளி, திரையை முழுக்க விலக்கி, தெருவைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை ஏஜென்சியில் சொல்லி வேறு வீடு வாங்கிக்கொண்டேன். போகும்போது பெரியவரிடம், "வரேன் ஐயா" என்றேன்.

இரண்டு தடவை சிமிட்டினார்.

வராதே என்றாரா, போகாதே என்றாரா, எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் அவர் தூக்கத்தில் போய்விட்டார் என்று டீச்சர் போனில் சொன்னார். அமைதியாகத்தான் போனாராம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பிரமை என்று எனக்கே சமாதானம் சொல்லியிருப்பேன்.

போன மாதம் என் கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். அவனை எல்லாரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு என் கையெழுத்து வேண்டும். ஒரு ஃபைல் கொண்டு வந்திருந்தான். அவன் அண்ணன் போனபோது போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பர் எல்லாவற்றுக்கும் அலைந்தது அவன்தான். நான் எதையும் கேட்டதில்லை. அவனும் அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நினைக்கிறேன். அண்ணன் கஷ்டப்படலை. டாக்டர் அன்னிக்கே சொன்னார். தூக்கத்திலேயே நின்னுடுச்சாம். நெஞ்சைப் பிடிச்சுக்கக்கூட நேரம் இருந்திருக்காதுன்னார். நீங்க அப்ப கேக்கிற நிலைமையில இல்லை."

"தூக்கத்துலயா? மத்தியானத் தூக்கத்துலயா?"

"மத்தியானமா? இல்லை அண்ணி. காலையில. நீங்க டியூட்டிக்குப் போன கொஞ்ச நேரத்துலயே. ரிப்போர்ட்ல இருக்கு, பாருங்க."

ஃபைலைத் திருப்பி வைத்தான். பிரேதப் பரிசோதனை அறிக்கை. பதினாறு வருஷமாக இந்த மாதிரிக் காகிதங்களைப் படிக்கிறவள் நான். அதை மட்டும் படிக்காமலேயே இருந்துவிட்டேன். படித்தேன். இறந்த நேரம், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள்.

எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நாள் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. சின்னவன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தான். என்னைக் கூப்பிட்டு, நான் எடுக்காமல், தவித்துச் சாகவில்லை அவர். என்னைக் கூப்பிடவே இல்லை. அது தெரியாமல் எத்தனை மாதம்...

"போன்ல யார்கிட்டயாவது பேசியிருக்காரா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணி. போன் தலைமாட்டுல இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். வீட்டுல வேற யாரும் இல்லையே, கதவு உள்ளே பூட்டியிருந்துச்சே."

அவன் போன பிறகு என் போனை எடுத்துப் பார்த்தேன். அந்த நாலு வரியும் அப்படியே இருந்தன. அவர் பெயர். அவர் படம். அவர் எண்.

கடைசி அழைப்பு மதியம் 3.02. அப்போது அவர் இறந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.